எழுத்துவழிச் சாகச விளையாட்டும் தமிழ் வேற்றுமையும்
(நிரல் எழுதத் தொடங்கும் ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும்)

கணிப்பொறியின் திரையில் நான்கு வரிகள் தோன்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். "மூலத்தரா அணை. சித்தூர்ப்புழையின் நீர் இங்கே தேங்கி நிற்கிறது. இரு கரைகளிலும் கால்வாய்த் தலைப்புகள் உள்ளன. மதகுகள் இரண்டும் மூடியிருக்கின்றன." அவற்றின் கீழே ஒரு சிறு கோடு விட்டு விட்டு ஒளிர்கிறது. படம் இல்லை, ஒலியும் இல்லை. பொறி, எதிரே அமர்ந்திருப்பவரின் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. சித்தூர் வட்டத்துப் பள்ளி மாணவன் ஒருவன் "இடது மதகைத் திற" என்று எழுதினால், "இடக்கரைக் கால்வாயில் நீர் இரைச்சலுடன் பாய்கிறது" என்று மறுமொழி வரவேண்டும். இத்தகைய நூதன விளையாட்டே எழுத்துவழிச் சாகச விளையாட்டு எனப்படுவது. இதை ஆக்குவதற்கென்றே அமைந்த கருவித் தொகுதிகள் பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை விலையின்றிக் கிடைப்பவை.

அம்மறுமொழி தமிழில் வருவதில் சிக்கல் எதுவும் இல்லை. மாணவன் தமிழில் எழுதியதைப் பொறி விளங்கிக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது. சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகள் உள்ளனர். கேரள அரசு அவர்களுக்குப் பாடநூல்களைத் தமிழில் அச்சிடுகிறது. ஆயினும் இவ்வகைக் கருவித் தொகுதி ஒன்றை அப்படியே எடுத்து அவர்கள் முன் வைத்தால், அவர்கள் எழுதும் முதல் தமிழ்த் தொடருக்கே "விளங்கவில்லை" என்னும் பொருள்படும் ஆங்கில விடைதான் கிடைக்கும். இதற்குக் காரணம் யாது, இதை எவ்வாறு கடப்பது என்பனவே இங்கு ஆராயத்தக்கவை.

தோற்றம்

இவ்விளையாட்டின் தோற்றம் ஒரு குகையில் இருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை என்னும் மிக நீண்ட குகைத் தொடர் உள்ளது. அதில் இறங்கி நிலப்படம் வரைந்தவர்களில் ஒருவரான வில் குரோதர், கணிப்பொறி நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர். அவர் 1975, 1976-ஆம் ஆண்டுகளில், தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக, அக்குகையின் அறைகளைச் சொற்களால் வருணித்து ஒரு நிரல் எழுதினார். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டான் வுட்ஸ் 1977-ல் அதைப் பெருக்கினார். அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸோர்க் என்னும் விளையாட்டு எழுதத் தொடங்கப்பட்டது. அதை ஆக்கியவர்களிற் சிலர் 1979-ல் இன்ஃபோகாம் என்னும் நிறுவனத்தை அமைத்தனர். ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் விளையாட்டைத் தனித்தனியே எழுதாமல், ஒரு கற்பனைப் பொறிக்கு மட்டும் எழுதி, அக்கற்பனைப் பொறியைப் பல கணிப்பொறிகளில் இயங்கச் செய்தது அந்நிறுவனத்தின் சிறந்த உபாயம்.

கிரகாம் நெல்சன் என்னும் ஆங்கிலேயர் அந்தக் கற்பனைப் பொறிக்கு எவரும் விளையாட்டு எழுதத்தக்க ஒரு மொழியை 1993-ல் வெளியிட்டார். அதன் பெயர் இன்ஃபார்ம். 2006-ல் வந்த அதன் ஏழாம் வடிவில், "கூடம் ஓர் அறை; விளக்கு கூடத்தில் இருக்கிறது" என்னும் போக்கில் சாதாரண ஆங்கில வாக்கியங்களாகவே நிரலை எழுத முடிந்தது. 2022-ல் அதன் மூலநிரலும் திறந்து வைக்கப்பட்டது. முந்தைய ஆறாம் வடிவம் குறியீடுகள் மிகுந்தது, கற்கச் சற்றுக் கடினமானது. எனினும் ஆங்கிலம் அல்லாத மொழிக்கு அதுவே இசைவானது என்பது பின்னே விளங்கும்.

கருவித் தொகுதியின் உள்ளே

இன்ஃபார்ம் போன்ற தொகுதியில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது, உலக அமைப்பு. அறை, பொருள், கதவு, பெட்டி, மேசை, ஆள், விளக்கு ஆகியவை எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது இதில் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. மூடிய பெட்டிக்குள் உள்ள பொருளை எடுக்க முடியாது. விளக்கு இல்லாத இருட்டறையில் எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. கையிலுள்ள பொருள் ஆட்டக்காரருடன் இடம் பெயரும். இவற்றை ஆசிரியர் எழுத வேண்டியதில்லை. "இது பெட்டி, இது மூடியிருக்கிறது" என்று அறிவித்தால் போதும். மற்றவை தாமே நிகழும்.

இரண்டாவது, தொடர்ப் பகுப்பி. ஆட்டக்காரர் எழுதிய தொடரைச் சொற்களாகப் பிரித்து, வினை எது, பொருள் எது என்று கண்டு உலக அமைப்பிடம் ஒப்படைப்பது இதன் வேலை.

உலக அமைப்புக்கு மொழி கிடையாது. பெட்டி மூடியிருக்கிறதா என்னும் கேள்விக்கு உண்டு, இல்லை என்பதே விடை. அது எம்மொழிக்கும் பொது. தொடர்ப் பகுப்பியோ ஆங்கில இலக்கணத்தில் ஊறியது. ஆகவே தமிழில் எழுத விரும்புவோர் முதற்பகுதியை அப்படியே ஏற்றுக்கொண்டு, இரண்டாம் பகுதியை மாற்றவோ ஒதுக்கவோ வேண்டும். தொடங்குவோர் பலர் இந்த வேறுபாட்டை அறியாமல் முழுத் தொகுதியையும் பயனற்றதென்று கைவிட்டு விடுகின்றனர்.

முதலில் தாளும் பென்சிலும்

கணிப்பொறியைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். அந்தப் பாதி, நிலப்படம் வரைவது. குரோதருக்குக் குகை கிடைத்தது. சித்தூர்ப் பிள்ளைகளுக்கு ஆறு இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஆழியாறு அணையிலிருந்து வரும் நீர் மணக்கடவு தடுப்பணையில் அளக்கப்படுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் அங்கே கேரளத்துக்கு வந்து சேர வேண்டிய நீர் 725 கோடி கன அடி. 1970-ல் கையெழுத்தான அவ்வொப்பந்தம் 1958 நவம்பர் முதல் செல்லுபடியாகும் எனக் கொள்ளப்பட்டது. மணக்கடவைக் கடந்த நீர் மூலத்தராவில் தேங்கி, இடக்கரை, வலக்கரைக் கால்வாய்களாகப் பிரிகிறது. எஞ்சிய நீர் ஆற்றோடு சென்று, சோகநாசினி என்னும் பெயருடன் சித்தூரை அடைகிறது. எழுத்தச்சனின் குருமடம் அமைந்த கரை அது.

இவ்வழியில் ஆழியாறு அணை, மணக்கடவு, மூலத்தரா, இடக்கரைக் கால்வாய், வலக்கரைக் கால்வாய், சித்தூர்ப் படித்துறை என ஆறு இடங்களைக் குறித்தால், விளையாட்டின் ஆறு அறைகள் ஆயின. அறை என்பது நான்கு சுவர் உள்ளதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆட்டக்காரர் நின்று பார்க்கத்தக்க எவ்விடமும் நிரலில் அறைதான். ஆறு அறைகளையும் கோடுகளால் இணைத்து, எங்கிருந்து எங்கே போகலாம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அறைக்கு இரண்டு மூன்று பொருள்கள் போதும்: மதகு, அளவுகோல், காவலரின் சாவிக் கொத்து, கரையில் கிடக்கும் மண்வெட்டி.

திசை குறித்து ஒரு சொல். ஆங்கில விளையாட்டுகளில் வடக்கு, தெற்கு என்று திசைகாட்டியைக் கொண்டே நடமாட்டம் அமையும். ஆற்றங்கரையில் வாழ்பவர் அப்படிப் பேசுவதில்லை. "மேலே போ", "ஆற்றோடு கீழே வா" என்பார். ஆசிரியர் விரும்பும் புதிய திசையைச் சேர்த்துக்கொள்ள இன்ஃபார்ம் இடம் தருகிறது. மேலாறு, கீழாறு என்னும் இரண்டு திசைகளை அறிவித்து, ஒன்றுக்கு மற்றொன்று எதிர் என்று கூறிவிட்டால், திசைகாட்டியைத் தொடாமலே விளையாட்டு முழுவதையும் நடத்தலாம்.

அடுத்தது, சிக்கல். சாவி தேடுவதும் புதையல் எடுப்பதும் பழகிப்போனவை. இரு மதகுகளையும் முழுதாகத் திறந்தால் ஆற்றில் நீர் குறையும். ஒன்றை மட்டும் திறந்தால் மற்றக் கால்வாயின் கடைமடை வயல் காயும். எந்த வரிசையில், எத்தனை முறை திறந்து மூடினால் எல்லா வயலும் நனையும் என்பதை ஆட்டக்காரர் கண்டறிய வேண்டும். கடைமடையில் நெற்பயிர் வைத்தவரின் வீட்டுப் பிள்ளைக்கு இது வெறும் விளையாட்டாகத் தோன்றாது. ஒவ்வொரு முறைக்கும் நீர்மட்டம் ஓர் அலகு இறங்கும் என்று விதி அமைப்பது எந்தத் தொகுதியிலும் எளிது. ஆனால் இவ்வாறு இடும் அலகுகள் கற்பனை என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுவது நலம். நீர்ப் பங்கீடு இரு மாநிலங்களுக்கும் இடையே கூர்மையான விஷயம். விளையாட்டின் எண்ணை எவரும் கணக்கென்று எடுத்துக்கொள்ளலாகாது.

வேற்றுமை உருபும் பொறியும்

இனித் தொடர்ப் பகுப்பி. ஆங்கிலத்தில் ஏவல் வினை முன்னும் பொருள் பின்னும் வரும். பொருளின் பெயர் உருமாறாது. எனவே அப்பகுப்பி முதற்சொல்லை வினைப் பட்டியலிலும், எஞ்சியதைப் பொருட்பட்டியலிலும் தேடுகிறது. தமிழில் வினை இறுதியில் நிற்கிறது. பெயரோ இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்று, சிலபோது அடையாளமே தெரியாதபடி திரிகிறது. "விளக்கை எடு" என்று எழுதினால், "விளக்கை" என்னும் சொல் அகராதியில் இல்லை, "விளக்கு" என்பதே உண்டு என்று பொறி கைவிரித்து விடும்.

"ஐ" என்பதை நீக்கிவிட்டால் தீராதா என்று கேட்கலாம். தீராது. "பெட்டியை" என்பதில் உருபை நீக்கினால் யகர உடம்படுமெய் எஞ்சும்; "பூவை" என்பதில் வகரம் எஞ்சும். "விளக்கை" என்பதில் போன குற்றியலுகரத்தை மீட்க வேண்டும். "வீட்டை" வீடு ஆவதற்கும் "ஆற்றை" ஆறு ஆவதற்கும் இரட்டித்த ஒற்றைக் குறைக்க வேண்டும். "மரத்தை" மரம் ஆவதற்கு அத்துச் சாரியையைக் கழற்றி மகர ஈற்றைச் சேர்க்க வேண்டும். இவற்றுடன் "பெட்டியைத் திற" என்பதில் மிகும் வல்லொற்று வேறு. அதைச் சிலர் எழுதுவர், சிலர் விடுவர். பேச்சு வழக்கில் "பெட்டி திற" என்று உருபையே விடுவாரும் உண்டு. இம்மூன்றையும் பொறி ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

உருபு புணரியலும் உயிரீற்றுப் புணரியலும் கற்பிக்கும் தமிழாசிரியருக்கு இப்பட்டியலில் புதியது எதுவும் இல்லை. மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறக்கின்ற அந்த விதிகளைத்தான் இப்பொறி கேட்டு நிற்கிறது. விதி தவறினால் மதகு திறவாது. இலக்கண வகுப்பில் இத்தகைய தண்டனை வேறெங்கும் காணக் கிடைப்பதில்லை.

இன்ஃபார்மின் ஆறாம் வடிவில் இதற்கென ஒரு வாயில் வைக்கப்பட்டுள்ளது. மொழி சார்ந்த அனைத்தும் மொழி வரையறைக் கோப்பு என்னும் தனிக் கோப்பில் உள்ளன. ஸ்பானிஷ், ஜெர்மன், இத்தாலியன் முதலிய மொழிகளுக்கு அக்கோப்பை மாற்றி எழுதியிருக்கின்றனர். ஆட்டக்காரர் எழுதிய தொடர் பகுப்பியை அடையும் முன், அதைத் திருத்தி அமைக்க ஒரு சிறு நிரற்பகுதிக்கும் அதில் இடம் உண்டு. "விளக்கை எடு" என்பதை "எடு விளக்கு" என்று முறைமாற்றித் தருவது அப்பகுதியின் வேலையாகலாம். பகுப்பி தன் ஆங்கிலப் பழக்கத்தின்படி வினையை முன்னே கண்டு திருப்தி அடையும்.

எல்லா விதிகளையும் நிரலாக்கித்தான் தீர வேண்டுமா? முதல் விளையாட்டுக்குத் தேவையில்லை. இருபது பொருள்கள் உள்ள சிறு விளையாட்டில், ஒவ்வொன்றுக்கும் வழங்கும் வடிவங்களை ஒத்த பெயர்களாகக் கையாலேயே எழுதிவிடலாம். "மரம், மரத்தை, மரத்தைத், மரத்தில், மரத்துக்கு" என ஐந்து வீதம் நூறு சொற்கள்; ஒரு மாலைப் பொழுதின் வேலை. பொதுவிதி எழுதப் புகுந்து மாதக்கணக்கில் நின்றுவிடுவதைவிட இதுவே விவேகம்.

எழுத்தின் நீளம் குறித்தும் எச்சரிக்கை தேவை. மனிதர் "வாய்க்கால்" என்னும் சொல்லில் ஐந்து எழுத்துகளைக் காண்கிறார். யூனிகோடு முறையில் பொறி அதைப் பத்துக் குறிகளாக எண்ணுகிறது: மெய்யும் அதன் மேலுள்ள புள்ளியும் இரண்டு, உயிர்மெய்யின் கால் தனி. இன்ஃபார்ம் அகராதி இயல்பாக ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஒன்பது குறிகளையே நினைவில் கொள்கிறது. இந்நிலையில் "வாய்க்கால்" என்பதும் "வாய்க்கால்மதகு" என்பதும் அதற்கு ஒரே சொல். மறுபுறம், "பள்ளிக்கூடம்", "பள்ளிக்கூடத்தை" ஆகிய இரண்டும் "பள்ளிக்கூ" என்று வெட்டுப்பட்டு ஒன்றாகிவிடுவதால், வேற்றுமைச் சிக்கல் அங்கே எவர் முயற்சியும் இன்றித் தீர்ந்து போகிறது! தற்செயலான இந்த உதவியை நம்பாமல் அகராதியின் நீளத்தைக் கூட்டிவிடுவதே முறை. பழைய கற்பனைப் பொறியில் யூனிகோடு எழுத்துகளுக்கு இடம் குறுகியது. ஆகையால் 1990-களின் இறுதியில் ஆண்ட்ரூ பிளாட்கின் வகுத்த குளல்க்ஸ் என்னும் பொறியைத் தெரிந்தெடுத்து, அகராதியில் ஓர் எழுத்துக்கு நான்கு பைட்டு என்று அமைக்க வேண்டும்.

எளிய வாயில்

இவ்வளவும் முதல் நாளிலேயே வேண்டாம் என்பவருக்கு வேறு வழி இருக்கிறது: தொடர்ப் பகுப்பியையே ஒதுக்கிவிடுவது. 2009-ல் கிறிஸ் கிளிமாஸ் வெளியிட்ட ட்வைன் என்னும் தொகுதியில் ஆட்டக்காரர் எதையும் எழுதுவதில்லை. திரையில் காணும் தொடர்களில் ஒன்றைத் தேர்ந்து தொடுகிறார். பகுக்க வேண்டிய தொடர் இல்லாததால் வேற்றுமைச் சிக்கலும் எழுவதில்லை. தமிழ் எழுத்துகளை நேரடியாக எழுதலாம்.

ட்வைனைத் திறந்து புதுக் கதை தொடங்கினால், வெற்றுப் பலகையில் ஒரு பெட்டி தோன்றும். ஒரு பெட்டி என்பது ஒரு பத்தி. அதில் இடத்தின் வருணனையை எழுதி, அதன் கீழே இரட்டைச் சதுர அடைப்புக்குள் செல்லும் வழியைக் குறிக்க வேண்டும்:

[[வலக்கரைக்குப் போ->வலக்கரைக் கால்வாய்]]

அம்புக்குறிக்கு முன்னுள்ளது ஆட்டக்காரர் காணும் தொடர். பின்னுள்ளது சென்று சேரும் பத்தியின் பெயர். அப்பெயரில் பத்தி இல்லையெனில் ட்வைன் தானே ஒன்றை உண்டாக்கி, இரண்டையும் அம்பினால் இணைத்துக் காட்டும். தாளில் வரைந்த படம் திரையில் எழுந்து நிற்பதை அப்போது காணலாம்.

மதகுகள் வரும்போது கவனம் தேவை. இரண்டு மதகுகள் உள்ள இடத்துக்கு நான்கு நிலைகள் உண்டு: இரண்டும் மூடியது, இரண்டும் திறந்தது, ஒன்று மட்டும் திறந்தது, மற்றது மட்டும் திறந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதலாம். ஐந்து மதகுகள் ஆனால் முப்பத்திரண்டு பத்திகள் ஆகும். ஆதலால் மதகின் நிலையை ஒரு மாறியில் வைத்து, அதற்கேற்ப வருணனையை மாற்றும் முறையை விரைவிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். ட்வைனில் இதற்குரிய ஆணைச்சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. இக்கருத்தை மாணவர்க்குத் தமிழிலேயே உணர்த்த விரும்புவோர், முத்து அண்ணாமலை 2007-ல் ஆக்கத் தொடங்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியைக் கைக்கொள்ளலாம். அதில் இவ்விதி இவ்வாறு அமையும்:

மதகு = 0
@( மதகு == 1 ) ஆனால்
பதிப்பி "கால்வாயில் நீர் பாய்கிறது."
இல்லை
பதிப்பி "கால்வாய் வறண்டு கிடக்கிறது."
முடி

எழில் முழுமையான விளையாட்டுத் தொகுதி அன்று. உலக அமைப்பு அதில் இல்லை. நிபந்தனை என்பது யாது என்று விளக்குவதற்கு இந்த ஆறு வரிகள் போதும். பிறகு ட்வைனில் அதற்கு நிகரான ஆணையை இடும்போது மாணவர் தடுமாறுவதில்லை.

ட்வைனை உலாவியின் வழியே உபயோகிப்போர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். எழுதிய கதை அந்த உலாவியின் சேமிப்பிலேயே இருக்கிறது. பொதுக் கணிப்பொறியில் எவரேனும் உலாவியைத் துப்புரவு செய்தால் ஒரு மாதத்து வேலை சுவடின்றி மறையும். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் கதையைத் தனிக் கோப்பாக எடுத்துப் பேனா நினைவகத்தில் வைப்பது அவசியம். முடிந்த விளையாட்டு ஒரே கோப்பாக வெளிவரும். எந்த உலாவியிலும், இணையத் தொடர்பு இல்லாமலும் இயங்கும். மலைத்தோட்டப் பள்ளிகளுக்கு இது பெரும் வசதி. கேரளப் பள்ளிக் கணிப்பொறிகளில் கைட் நிறுவனம் வழங்கும் கட்டற்ற மென்பொருள் இயங்குதளத்திலும் இதற்குத் தடையில்லை.

ஆடிப் பார்த்தல்

எழுதியவர் தாமே ஆடிப் பார்ப்பது சோதனை ஆகாது. எந்தச் சொல்லை எழுத வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியும். நிரலைக் காணாத ஒருவரை அமர்த்தி, உதவி செய்யாமல் பின்னால் நின்று கவனிக்க வேண்டும். இன்ஃபார்ம் விளையாட்டுகளில், ஆட்டக்காரர் எழுதியதையும் பொறி விடுத்த மறுமொழியையும் முழுமையாகக் கோப்பில் பதிவு செய்யும் ஆணை ஒன்று உண்டு. ட்வைனில் அத்தேவை இல்லை. தெரிவுகள் யாவும் ஆசிரியர் எழுதியவையே. பகுப்பி உள்ள விளையாட்டுக்கு அப்பதிவே மூலதனம்.

அப்பதிவில் பொறி மறுத்த தொடர்களை மட்டும் தனியே எடுத்து எழுத வேண்டும். ஆசிரியர் "மதகு" என்று வைத்திருப்பார். பிள்ளை "ஷட்டர்" என்று எழுதியிருக்கும். "திற" என்ற இடத்தில் "தூக்கு" என்றிருக்கும், ஏனெனில் பலகை மதகு மேலேதான் எழும்புகிறது. "ஆறு" என்றதைச் சித்தூரில் ஒருவர் "புழை" என்பார். பொள்ளாச்சியிலிருந்து வந்தவர் "ஆறு" என்றே எழுதுவார். இவற்றில் ஒன்றும் பிழை அன்று. ஒவ்வொன்றையும் அதற்குரிய பொருளின் ஒத்த பெயராகச் சேர்த்து, வேற்றுமை வடிவங்களையும் உடன் எழுதி, மறுநாள் வேறொரு பிள்ளையை அமர்த்தி மீண்டும் ஆடச் செய்ய வேண்டும். மூன்றாம் நான்காம் ஆட்டத்தில் மறுக்கப்படும் தொடர்கள் கணிசமாகக் குறைந்திருக்கும்.